பூசணிக் காம்பு வெடித்தால் முதலில் கொடியைப் பாருங்கள்

வாசகர் கடிதம்:

அண்ணா, வணக்கம். நாங்கள் கனடாவில், ஒன்டாரியோவின் மார்க்கம் (Markham) நகரில் இருக்கிறோம். பத்து வயது மகனின் பிடிவாதத்தால் இந்த வருடம் பின்வளவில் அட்லாண்டிக் ஜயன்ட் என்ற ராட்சதப் பூசணி ஒன்று வைத்தோம். ஜூலை 3 காலையில் நானே ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தொட்டுவிட்டேன். இன்றைக்கு 25 நாள், காயின் சுற்றளவு 58 அங்குலம். போன கிழமை கடும் மழை. அதற்குப் பிறகு காம்பின் மேல்பக்கத்தில் ஒரு வெடிப்பு, விரல் நகம் உள்ளே போகும் ஆழம், தொட்டால் ஈரம். மாமி மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டார். கொடி காயில் முட்டிக்கொண்டு நிற்கிறது. செடி முளைத்த இடத்தில் அடித்தண்டிலிருந்து வெள்ளை நுரை வேறு வருகிறது, புளித்த மணம். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மண் போட்டு மூடச் சொல்கிறார், மற்றவர் இருக்கிற மண்ணையும் தோண்டி எடுக்கச் சொல்கிறார். பக்கக் கொடியில் தேங்காய் அளவில் இன்னொரு காய் இருக்கிறது. பெரியது போய்விட்டால் அதை நம்பலாமா? ஒக்டோபரில் போர்ட் எல்ஜின் பூசணித் திருவிழாவுக்குக் கொண்டுபோய் நிறுக்கப்போவதாக மகன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான்.

பதில்:

தங்கச்சி, காய் போகவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் வெடிப்பைத்தான் கிட்டப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள், என் கண் போனது அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிற கொடியில். காயின் தோளில் முட்டி, வில் மாதிரி வளைந்து, இரண்டு பக்கமும் மண்ணோடு இறுகிப்போய் நிற்கிறது. மஞ்சள், மருந்து, நாவூறு எல்லாவற்றையும் பிறகு பார்ப்போம். இன்றைக்குப் பின்னேரம் அந்தக் கொடியை அவிழ்த்துவிட வேண்டும்.

ஊரில் சந்தையில் வாங்கிய பூசணியின் காம்பு ஞாபகம் இருக்கும். ஐந்து வரம்பு ஓடி, கட்டை மாதிரி இறுகி, காயோடு சேருமிடத்தில் பாதம் வைத்தாற்போல அகன்றிருக்கும், கத்தி வைத்தால்கூட லேசில் இறங்காது. அது வேறு இனம். இந்த ராட்சத இனத்தின் காம்பு உருண்டையாய், தடித்து, தக்கை மாதிரி மெத்தென்று இருக்கும். மேல்தோல் பரவலாக வெடிப்பதும் இதன் சுபாவம்தான், காலில் வரும் பித்தவெடிப்பு மாதிரி. அப்படி உலர்ந்த, மேலோட்டமான வெடிப்பைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை. உங்களுடையதில் நகம் உள்ளே போகிறது, ஈரமும் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பெண் பூ கணுவில் வரும்போது அதன் காம்பு கொடியோடு ஒட்டினாற்போல நுனிப் பக்கம் சாய்ந்திருக்கும். காய் தோடம்பழ அளவில் இருக்கும்வரை அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. பிறகு காய் அகலிக்க அகலிக்க இரண்டு தோளும் காம்பைத் தாண்டி வந்து கொடியைத் தள்ளத் தொடங்கும், உயரமும் கூடுவதால் காம்பு மேலே போகும், காம்பு போனால் கொடியும் கூடவே எழும்ப வேண்டும். ஆனால் அதற்கு எழும்ப வழியில்லை. கணுவுக்குக் கணு ஒரு வேர் நேரே மண்ணுக்குள் இறங்கி ஆணி அடித்தது மாதிரிப் பிடித்திருக்கும், போதாததற்குச் சுருள்கம்பிகள் அகப்பட்ட புல்லையெல்லாம் சுற்றிக்கொண்டு கிடக்கும். மேலே இழுப்பது காய், கீழே இழுப்பது வேர், நடுவில் மாட்டிக்கொண்டது காம்பு. அதுவும் பூத்தொட்ட 20ஆம் நாளிலிருந்து 40ஆம் நாள்வரைதான் இந்தக் காயின் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும், கைதேர்ந்தவர்களின் செடியில் ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேலும் ஏறும். உங்களது அவ்வளவு வேகத்தில் போகாது, ஆனாலும் இன்னும் இரண்டு கிழமைக்கு இழுவை கூடுமே தவிரக் குறையாது. வெடிப்புக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு இழுவையை அப்படியே விட்டால் நாளைக்கு இன்னொரு இடத்தில் வெடிக்கும்.

சரி, எப்படி அவிழ்ப்பது? நேரம் முக்கியம். காலையில் கொடி தண்ணீர் நிறைந்து முறுக்காக இருக்கும், வளைத்தால் வெள்ளரிக்காய் உடைவது மாதிரி உடையும். நான் இந்த நாட்டுக்கு வந்து வைத்த முதல் ராட்சதப் பூசணியை அப்படித்தான் இழந்தேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் விடிய ஆறரை மணிக்குக் கொடியை ஒரு சாண் நகர்த்தினேன், ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆகவே நகர்த்துகிற நாளில் காலைத் தண்ணீரை நிறுத்தி, வெயில் நன்றாக ஏறி இலையெல்லாம் குடை மடங்கினாற்போலத் தொங்கும் பின்னேரம் மூன்று, நான்கு மணிக்குப் போங்கள். காய் இருக்கிற கணுவிலிருந்து அடிப்பக்கம் இரண்டு மூன்று கணு, நுனிப்பக்கம் இரண்டு மூன்று கணு, இவ்வளவுக்கும் கொடிக்குக் கீழே கையை விட்டுத் தடவினால் சுண்டுவிரல் தடிப்பிலோ அதைவிட மெல்லியதாகவோ வேர்கள் தட்டுப்படும். சுத்தமான கத்தியால் அவற்றை மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். மனம் வராது, தெரியும். தண்ணீர் இழுக்கிற வேரைப் போய் வெட்டுவதா என்று இருக்கும். ஆனால் அப்பால் உள்ள கணுக்களில் ஒரு பிடி மண்ணைப் போட்டு ஈரமாக வைத்திருந்தால் அங்கே வேர் பிடித்து இந்த இழப்பைச் சரிக்கட்டும். அந்த இடைவெளிக்குள் இருக்கிற சுருள்கம்பிகள், காய்க்கும் கொடிக்கும் நடுவில் நெரிபடுகிற இலைக்காம்பு, பக்கக் கொடி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

வெட்டி முடிந்ததும் கொடி தானாகவே ஒரு விரலளவு மேலே எழும்பும் பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நிமிடம் அது, இறுக்கிக் கட்டிய இடுப்புப் பட்டியைக் கழற்றினால் வயிறு விடுகிற மூச்சு மாதிரி.

பிறகு கொடியைக் காயிலிருந்து விலக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம், மிஞ்சினால் மூன்று, அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. விலக்கிய இடத்தில் மூங்கில் குச்சி ஒன்றைச் சாய்த்துக் குத்திவிட்டால் அது திரும்பி வராது. நாலைந்து நாளில் காம்பும் கொடியும் ஏறக்குறைய ‘ட’ எழுத்தின் மூலை மாதிரி, செங்கோணத்துக்குக் கிட்ட வந்துவிட்டால் போதும். காயைத் திருப்ப வேண்டாம். தோடம்பழ அளவில் இருந்தபோது அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியிருக்கலாம், 58 அங்குலத்தில் திருப்பினால் காம்புதான் முறியும். தோள் இன்னும் கொடியில் படுகிறதென்றால் நடுவில் பழைய துவாயை மடித்து வையுங்கள், அல்லது பிள்ளைகள் நீச்சல்குளத்தில் மிதக்க வைத்திருக்கும் நீளமான நுரைக்குழாயில் ஒரு துண்டை வெட்டிக் கொடிக்குக் கீழே கொடுங்கள்.

இப்போது வெடிப்புக்கு வருவோம். மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், ஆனால் அந்த மஞ்சளைக் கழுவி எடுங்கள். மஞ்சளில் குற்றமில்லை, அதைக் குழைத்த தண்ணீரில்தான் குற்றம். குழைத்துப் பூசிய எதுவும் வெடிப்புக்குள் ஈரத்தை அடைத்து வைக்கும், காம்பு அழுகுவதற்குப் பூஞ்சைக்கு வேண்டியது அந்த ஈரம் மட்டும்தான். மெழுகு, களிமண், காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். உள்ளே குழைந்துபோன சதை இருந்தால் தேக்கரண்டி நுனியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், வெளிர்பச்சையாக உறுதியான சதை வந்ததும் நிறுத்திவிடலாம். வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, பஞ்சில் தொட்டுத் துடையுங்கள் (கையுறை போடுங்கள், அதோடு வினாகிரியைக் கலக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், நச்சுப்புகை வரும்). நன்றாக உலர்ந்த பிறகு கந்தகத் தூளை வெடிப்புக்குள் மட்டும் தூவுங்கள். இலையில் கொட்டினால், அதுவும் கடும் வெயில் நாளில், இலை கருகும். கப்டான் என்ற பூஞ்சைமருந்தைக் குழைத்துக் காம்பில் பூசுவது அமெரிக்கப் போட்டிக்காரர்களிடம் பழைய வழக்கம். அதையும் உலர்ந்த காம்பில் பூசித்தான் காயவிடுவார்கள். இங்கே ஒன்டாரியோவில் 2009இலிருந்து வீட்டுத் தோட்டத்து மருந்துகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் கடையில் கிடைப்பதன் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். உங்கள் வெடிப்புக்குக் கந்தகமே போதும் என்பது என் எண்ணம்.

உண்மையான மருந்து காற்று. மேசையில் வைக்கும் சின்ன மின்விசிறி ஒன்றைக் காம்பைப் பார்த்து இரவும் பகலும் ஓடவிடுங்கள், மழை படாமல் மேலே ஒரு கூரை கட்டிவிடுங்கள், பழைய குடை இருந்தாலும் சரி. மின்கம்பி நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாளில் வெடிப்பின் உதடுகள் தவிட்டு நிறமாகி, தடவினால் தக்கையில் தடவுவது மாதிரி இருக்கும். அப்படி வந்துவிட்டால் அந்த வெடிப்பை மறந்துவிடலாம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குழாயைத் திறந்துவிட்டுப் போகிற வீடுகளில்தான் வெடிப்பு அதிகம் வரும். போன கிழமை அதை வானமே செய்துவிட்டது, உங்கள் பிழை இல்லை. இனி அளவாக, தினமும், காலையில், வேருக்கு மட்டும் ஊற்றுங்கள், கொடி நகர்த்தும் நாட்களில் மட்டும் வேலை முடிந்த கையோடு ஊற்றலாம். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். கல்சியம் ஊற்றினால் வெடிக்காது என்று சொல்லி ஒரு போத்தலை யாராவது உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கல்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும், தண்ணீர் சீராக இல்லாமல் போத்தலை மட்டும் ஊற்றி ஒன்றும் ஆகாது.

அடித்தண்டு நுரைக்கு உங்கள் இரண்டு அயலவரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள் இல்லையா? இரண்டுமே சரியான வைத்தியம்தான், நோய்தான் வேறு வேறு. மண் போட்டு மூடச் சொன்னவர் தண்டு துளைக்கும் புழுவை நினைத்துச் சொல்லியிருக்கிறார். பார்வைக்குக் குளவி மாதிரி, வயிறு செம்மஞ்சளாக, பகலில் பறக்கிற ஒரு அந்துப்பூச்சி ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அடித்தண்டில் முட்டை வைக்கும். புழு உள்ளே போன இடத்தில் ஓட்டையும், அதன் வாயில் ஈர மரத்தூள் மாதிரி மஞ்சளான எச்சமும் இருக்கும். அப்படி இருந்தால் பிளேட்டால் தண்டை நீளவாக்கில் (குறுக்காக வேண்டாம்) கீறி, மண்ணிறத் தலையுள்ள வெள்ளைப் புழுவை எடுத்துவிட்டு, கீறிய இடத்தை ஈரமண்ணால் மூடினால் அங்கேயே புது வேர் விடும். புழு ஒன்றுக்கு மேல் இருக்கலாம், ஒன்றை எடுத்ததும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் படத்தில் மரத்தூள் இல்லை. நுரை இருக்கிறது, புளித்த மணம் என்கிறீர்கள். அப்பத்துக்குக் கள்ளு விட்டுக் கரைத்த மா மறுநாள் பொங்கி நிற்கும்போது வரும் மணம் என்றால், தண்டுச் சாற்றில் பக்டீரியாவும் ஈஸ்ட்டும் புகுந்து சாறு உள்ளேயே புளிக்கிறது. இதை மண்ணால் மூடினால் பானைக்கு மூடி போட்ட மாதிரிதான், உள்ளே இன்னும் நன்றாகப் புளிக்கும். இரண்டாமவர் சொன்னதைச் செய்யுங்கள். அடித்தண்டைச் சுற்றியுள்ள மண்ணைக் கையால் விலக்கி, அந்த இடத்து மூன்று நான்கு பழைய இலைகளை வெட்டிக் காற்றுப் போகவிட்டு, குழைந்ததைச் சுரண்டி, அதே பிளீச் தண்ணீரால் துடைத்து, உலர விடுங்கள். தினமும் பார்த்து, நுரை வந்தால் திரும்பவும் துடைக்க வேண்டும். இனி அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம், கணு வேர்களுக்கு ஊற்றுங்கள். ஒகஸ்ட் கடைசியில் அடித்தண்டு முழுக்கவே செத்துப்போனாலும் திகைக்காதீர்கள், மண்ணில் புதைத்த கணுக்களில் வேர் பலமாக இருந்தால் அதைக் கொண்டே காய் வளரும். இங்கே இந்தக் காய் வளர்ப்பவர்கள் பக்கக் கொடிகளையெல்லாம் மண்ணில் புதைத்துக்கொண்டே போவது இதற்காகத்தான், என்ன அலுப்பான வேலை என்று நானும் முதல் இரண்டு வருடம் நினைத்ததுண்டு.

உங்கள் மகனுக்கு ஒரு கதை. போர்ட் எல்ஜின் இருக்கிற அதே ஹியூரோன் ஏரிக் கரையில் தெற்கே கோடெரிச் என்று ஓர் ஊர். அந்த ஊர் வில்லியம் வார்னொக் 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோன பூசணி 403 இறாத்தல். அதை முந்த உலகத்துக்கு 70 வருடத்துக்கு மேல் எடுத்தது. பிறகு நோவா ஸ்கோஷியாவின் வின்சரில் ஹவார்ட் டில் என்ற விவசாயி வருடாவருடம் விதையைத் தேர்ந்தெடுத்து வளர்த்து 1981இல் 493.5 இறாத்தலுக்குக் கொண்டுவந்தார், நீங்கள் நட்ட அட்லாண்டிக் ஜயன்ட் அவர் உருவாக்கிய இனம்தான். 2025 ஒக்டோபரில் இங்கிலாந்தில் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் கொண்டுவந்தது 1,278.8 கிலோ, 2,819 இறாத்தலுக்கும் மேல். அவ்வளவு எடைக்கும் வேண்டிய தண்ணீரும் சர்க்கரையும் ஒரே ஒரு காம்பு வழியாகத்தான் போயிருக்கிறது. எல்லாரும் எடையைப் பார்த்துப் பார்த்துத்தான் விதை எடுத்தார்கள், உடம்பு பெருத்த வேகத்துக்குக் கழுத்து பெருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். மகன் கழுத்தைப் பார்க்கப் பழகினால் நல்ல வளர்ப்பாளனாக வருவான்.

நிறுக்கும் இடத்தில் காம்பு வெடித்ததற்காகக் காயைத் தள்ளமாட்டார்கள். வெடிப்போ அழுகலோ காயின் உள்குழிவரை போயிருந்தால்தான் தள்ளுவார்கள். ஆகவே கிழமைக்கு ஒரு தடவை காம்பு காயோடு சேரும் வளையத்தைச் சுற்றிவர விரலால் தடவச் சொல்லுங்கள், அங்கே புதிதாக ஒரு கீறல் ஆரம்பித்தால் எனக்கு உடனே எழுதுங்கள். கொண்டுபோகும் நாளில் காம்பின் இரண்டு பக்கமும் கொடியைக் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள், தூக்கும்போது காம்பில் யாரும் கை வைக்கக் கூடாது. படம் எடுக்கிறேன் என்று அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமாமார் எல்லா வீட்டிலும் உண்டு.

கடைசியாக அந்தத் தேங்காய் அளவுக் காய். பெரியது போனால் இதை நம்பலாமா என்றால், போட்டிக்கு நம்ப முடியாது, நாள் போதாது. ஆனால் இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம். அது கொஞ்சச் சாற்றைத் தன் பக்கம் இழுப்பதால் பெரியதன் வேகம் சற்றுக் குறையும், வெடிப்பு உலரும்வரை அந்த வேகக்குறைவு நமக்கு நல்லது. பக்கக் கொடி நுனிகளையும் ஒரு கிழமைக்குக் கிள்ளாமல் விடுங்கள், அதே காரணம்தான். வெடிப்பு தக்கையானதும் சின்னதைப் பிடுங்கி மாமியிடம் கொடுங்கள், பிஞ்சாக இருப்பதால் தோலோடு போட்டு ஒரு பால்கறி வைக்கலாம்.

அடுத்த முறை வெடிப்பைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். காயின் தோளுக்கும் கொடிக்கும் நடுவில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள், எத்தனை விரல் போகிறது என்று மட்டும் எழுதுங்கள். இன்றைக்கு ஒன்றும் போகாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கு விரலாவது போக வேண்டும்.